தஞ்சாவூருக்கு டர்போ தேவையா?

"டர்போ வாங்கு மாப்ள, சும்மா பறக்கும்"னு நண்பர்கள் ஏத்தி விடுறாங்க. எங்கே பறக்கிறதாம்? திருவையாறு போற வழியில வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரின்னு அஞ்சு பாலம் ஏறி இறங்குறோமே, அதான் நம்ம ஊர் மலை :-)

வெளியேறுற புகையாலேயே ஒரு விசிறியைச் சுத்தவிட்டு, எஞ்சினுக்குள்ள காத்தை அழுத்தி ஏத்துறதுதான் டர்போ. சாதா எஞ்சின் தானா இழுக்குற காத்தோட சரி. 2019-ல் வந்த ஹூண்டாய் வென்யூவையே எடுத்துக்குங்க. சாதா 1.2 லிட்டர், 83 குதிரைத்திறன். டர்போ 1 லிட்டரே 120. டர்போவோட முழு இழுவை 1500 சுற்றுலயே கிடைச்சிடும். சாதாவுக்கு 4000 ஆகணும்.

ஊட்டி ஏறினா காத்து மெலியும், சாதா எஞ்சின் திணறும். அங்க டர்போதான் ராஜா. டெல்டாவுல காத்துக்கு என்ன பஞ்சம்? அறுவடை சமயத்துல நெல் லாரிக்குப் பின்னாடி ஊர்ந்து போறதுக்கு 83 தாராளம். முந்தணுமா? ஒரு கியர் குறைச்சு மிதிங்க. அதுக்குச் சோம்பல்பட்டுத்தான் பல பேர் டர்போ கேக்குறாங்க!

அடிக்கடி குடும்பத்தோட கொடைக்கானல் போறவங்க தாராளமா டர்போ வாங்குங்க. மத்தவங்க அந்தக் காசுக்குக் கடனைக் குறைச்சுக்குங்க. நெல்லு வித்த காசுங்க அது.