மருந்து இல்லை, மாத்திரை இல்லை... அடிபம்புக்கு அடித்த பெயிண்ட் உயிர் காத்தது எப்படி?

2025 நவம்பரில் ‘ஜாமா’ மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. வங்கதேசத்தின் அராய்ஹஜார் பகுதியில் சுமார் 11 ஆயிரம் பேரை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் ஆர்சனிக் கலந்த தண்ணீரைக் குடித்து, பிறகு அதைக் குறைத்துக்கொண்டவர்களுக்கு, தொடர்ந்து குடித்தவர்களைவிட புற்றுநோய், இதயநோய் போன்றவற்றால் இறக்கும் ஆபத்து 50 சதவீதம் வரை குறைந்திருக்கிறது.

இதற்காகப் பலரும் செய்த காரியம் ரொம்ப எளிது. வேறு பம்பில் போய்த் தண்ணீர் பிடித்தார்கள். அவ்வளவுதான்.

நல்லது செய்யப் போய் வந்த வினை இது. குளத்து நீரைக் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறக்கிறார்களே என்று 1970-களில் அங்கே ஊர் ஊராக அடிபம்பு போட்டார்கள். கிருமி இல்லாத தண்ணீர் வந்தது. கூடவே ஆர்சனிக்கும் வந்தது. நிறம், மணம், ருசி எதுவும் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை.

காட்டிக்கொடுத்தது தோல்தான். 1983-ல் பக்கத்திலுள்ள மேற்கு வங்கத்தில், கிராமங்களிலிருந்து வந்த நோயாளிகளின் உடலில் மழைத்துளி தெறித்தது போன்ற கரும்புள்ளிகளையும், உள்ளங்கை, உள்ளங்காலில் தடித்த முடிச்சுகளையும் பார்த்து, இது ஆர்சனிக் பாதிப்பு என்று அடையாளம் கண்டவர் கொல்கத்தா தோல் மருத்துவர் கே.சி.சாஹா. ஆனா, தோலில் தெரிவதற்கே பல வருடங்கள் ஆகும். செல்களில் டிஎன்ஏ பழுதானால் அதைச் சரிசெய்யும் வேலையை ஆர்சனிக் கெடுக்கிறது. தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை புற்றுநோய்கள் பிறகு வருகின்றன.

சரி, ஆர்சனிக் எங்கிருந்து வருகிறது? இமயமலையிலிருந்து ஆறுகள் அடித்து வந்த வண்டலில், இரும்புத் துருவோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் நுண்ணுயிரிகள் அந்தத் துருவைக் கரைக்கும்போது ஆர்சனிக் தண்ணீரில் இறங்குகிறது. அதைத் திரும்பப் பிடிக்கவும் இரும்புதான் உதவுகிறது என்பது சுவாரஸ்யம். ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் டி.பிரதீப்பின் குழு உருவாக்கிய ‘அம்ரித்’ ஃபில்டர், நானோ அளவிலான இரும்புச் சேர்மத்தால் ஆனது. மேற்கு வங்கத்தில் பயன்பாட்டிலும் இருக்கிறது.

ஃபில்டர் நல்ல விஷயம்தான். ஆனால், எந்த பம்பில் விஷம் என்றே தெரியாத வீட்டுக்கு ஃபில்டர் வாங்கத் தோன்றுமா? முதலில் வேண்டியது பரிசோதனை. ஒரு பம்பில் ஆர்சனிக் அதிகமாக இருக்கும், நாலு வீடு தள்ளி இன்னொரு பம்பில் தண்ணீர் நன்றாக இருக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல, கையடக்க கிட்டும் கொஞ்சம் பெயிண்டும் போதும்.

வங்கதேச அரசு இதைச் செய்தது. 2000-க்குப் பிறகான சில ஆண்டுகளில் சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, ஆபத்தானவற்றுக்குச் சிவப்பு, மற்றவற்றுக்குப் பச்சை என்று பெயிண்ட் அடித்தார்கள். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்ததுதான் தப்பு. ஒருமுறை அடித்த பெயிண்ட் எத்தனை வருடம் நிற்கும்? அதன் பிறகு மக்கள் சொந்தக் காசில் போட்ட பம்புகளில் ஏராளமானவற்றை யாரும் சோதிக்கவே இல்லை. அவற்றில் சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. வீட்டு வாசலிலேயே இருப்பதால், குடத்தை முதலில் வைப்பது அங்கேதான்.