பதம் நம் கையில்



பிரியாணிக்குத் துணையாக ஒரு கிண்ணம் தயிர் வெங்காயம் என்றிருந்த நம் விருந்துகளில், சாலட்டும் அதன்மீது ஊற்றும் வெண்ணிறக் கலவையும் இடம் பிடித்துவிட்டன. வளைகுடா நாடுகளில் பணிபுரிந்து திரும்பியோர் குப்பூஸுடனும் சுட்ட கோழியுடனும் உண்டு பழகிய சுவை, பிள்ளைகளுக்கும் பிடித்துப் போயிற்று. இதில் குறை ஏதுமில்லை. ஆனால், அக்கலவையை வீட்டில் செய்தால் ஒருநாள் நீராய் ஓடுகிறது. மறுநாள் களியாய் நிற்கிறது. "நமக்கு இது சரிவராது" என்று சலித்துக்கொண்டு, பலரும் உணவகப் பொட்டலத்தை நாடிவிடுகின்றனர். சிலரோ, கெட்டிப்படுவதற்காகப் பச்சை முட்டையை உடைத்து ஊற்றி மயோனைஸ் அடிக்கின்றனர்.

இங்குதான் நாம் விழிப்புடன் இருத்தல் வேண்டும். பச்சை முட்டையில் சால்மொனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும். அது சிறுவர்களையும் முதியோரையும் கருவுற்ற பெண்களையும் கடுமையாக வாட்டும். எலுமிச்சைச் சாறும் வினிகரும் அதைக் கொன்றுவிடும் என்று நம்பியிருக்க இயலாது. இக்காரணத்தாலேயே தமிழக அரசு, 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக் காலத்திற்குப் பச்சை முட்டை மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் தடை விதித்தது. கடைக்கு அரசு காவல். நம் அடுப்படிக்கு நாமே காவல் அல்லவா?

பச்சை முட்டை இல்லாமல் கெட்டியான பதம் வராதா? தாராளமாக வரும். தயிரே போதும். கலவை எதனால் தளர்கிறது, எதனால் கெட்டிப்படுகிறது என்பதை மட்டும் அறிந்துகொள்ளுங்கள்.

புளிப்பேறாத அரைக் கிலோ தயிரை மெல்லிய வெள்ளைத் துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, அடியில் ஒரு பாத்திரம் வைத்துக் குளிர்பெட்டியில் நான்கைந்து மணி நேரம் விடுங்கள். நீர் வடிந்து, ஏறக்குறையப் பாதியளவு கெட்டித் தயிர் எஞ்சும். வடிந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். அதற்கும் வேலை உண்டு. கெட்டித் தயிருடன் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, நசுக்கிய பூண்டுப் பல் ஒன்று, மிளகுத்தூள், தேவையான உப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கரண்டியால் மெதுவாகக் கலக்குங்கள். மிக்சியில் போட்டு அடித்தால் தயிரின் கட்டு உடைந்து நீர்த்துவிடும். பலருடைய கலவை ஓடுவதற்கு இதுவே காரணம்.

கலவை கெட்டியாக இருந்தால், எடுத்து வைத்த தயிர் நீரை ஒவ்வொரு தேக்கரண்டியாகச் சேருங்கள். வெறுந்தண்ணீர் சுவையைக் குறைக்கும். தயிர் நீர் குறைக்காது. ஒவ்வொரு முறையும் கலக்கிப் பார்த்த பின்னரே அடுத்த கரண்டி. தளர்த்துவது எளிது, மீண்டும் கெட்டியாக்குவது கடினம். ஆதலால் எப்போதும் கெட்டியில் தொடங்குங்கள்.

கலவை தளர்ந்துவிட்டதா? கவலை வேண்டாம். அவித்த முட்டையின் மஞ்சள் கருவை நன்கு மசித்துச் சேருங்கள். அல்லது ஊறவைத்து அரைத்த முந்திரி விழுது ஒரு கரண்டி போதும். சோளமாவைப் பச்சையாகத் தூவினால் கெட்டிப்படாது, மாவு வாடைதான் வரும். அதைச் சிறிது நீரில் கரைத்து, அடுப்பில் காய்ச்சி, ஆறிய பின்னரே சேர்க்க வேண்டும்.

அரபு நாட்டு எள் விழுதான தஹீனா, புதியவர்களைத் திகைக்க வைக்கும். அதில் எலுமிச்சைச் சாறோ சிறிது தண்ணீரோ விட்டவுடன் இளகுவதற்கு மாறாக இறுகிக் கட்டியாகும். கெட்டுவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். கரண்டி கரண்டியாக நீர் விட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள். வெளுத்து, வழுவழுப்பாக இளகி வரும்.

இன்னும் ஒன்று. கிண்ணத்தில் சரியாக இருந்த கலவை, தட்டில் நீராவது ஏன்? குற்றம் கலவையில் இல்லை, காயில் இருக்கிறது. வெள்ளரிக்காயில் 95 விழுக்காடு நீரே. உப்புப் பட்டதும் அந்நீர் வெளியேறும். எனவே நறுக்கிய வெள்ளரியில் முன்னதாகவே உப்புத் தூவி, கால் மணி நேரம் கழித்துப் பிழிந்துவிடுங்கள். கலவையில் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். கழுவிய கீரை இலைகளை ஈரம் போகத் துடையுங்கள். பரிமாறும் வேளையில் மட்டுமே கலவையை ஊற்றுங்கள்.

சரியான பதத்தைக் காண்பது எப்படி? கரண்டியைக் கலவையில் தோய்த்தெடுத்து, அதன் பின்புறத்தில் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு மூடிக்கொள்ளாமல் நின்றால் சாலட்டுக்கு ஏற்ற பதம். கரண்டியைச் சாய்த்தாலும் வழியாமல் நின்றால், அது ரொட்டியைத் தொட்டுண்ணும் பதம். குளிர்ந்தால் கலவை சற்று இறுகும் என்பதால், குளிரவைத்த பின் ஒருமுறை பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். குளிர்பெட்டியில் மூடி வைத்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுவது நலம்.

ஓடுகிறது என்று கொட்டுவதும், இறுகியது என்று எறிவதும் வீண்விரயமே. காரணம் அறிந்த கைக்கு இரண்டும் சரிசெய்யக் கூடியவை. பிள்ளைகள் விரும்பும் சுவையை மறுக்கவும் வேண்டாம். அவர்களின் உடல்நலத்தைப் பணயம் வைக்கவும் வேண்டாம். அடுத்த விருந்துக்கு முதல்நாள் இரவே தயிரைத் துணியில் கட்டிவிடுங்கள்.