குடித்திருக்கிறார், போதையில் இல்லை

திருச்சி மாம்பழச் சாலை முனையில் இரவு பத்து மணிக்கு, ஸ்ரீரங்கம் போகிற ஒரு பைக்கை நிறுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊதிப் பார்க்கும் கருவி கைவசம் இல்லை. ஆளை ஏற்றிக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டி புத்தூர் ஜி.எச்.சுக்கு வருகிறார்கள். இரவுப் பணி மருத்துவர் நெஞ்சுவலிக்காரர்களையும் விபத்துக் கேஸ்களையும் பார்த்துவிட்டு இவரிடம் வரும்போது மணி பன்னிரண்டு. வாயை முகர்ந்து பார்க்கிறார், கண்ணில் டார்ச் அடிக்கிறார், நேர்கோட்டில் நடக்கவிட்டுச் சட்டென்று திரும்பச் சொல்கிறார், மூக்கு நுனியை விரலால் தொடச் சொல்கிறார். சான்றிதழில் பழகிப்போன வாசகம் விழுகிறது: ‘மது அருந்தியுள்ளார், போதையில் இல்லை.’

இது எந்தக் கேள்விக்குப் பதில்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு, குடித்தவர் தள்ளாடினாரா என்று கேட்பதில்லை. 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்ததா என்றுதான் கேட்கிறது. இங்கிலாந்தில் இந்த எல்லை 80. முப்பதைத் தாண்டி நாற்பதில் இருக்கும் ஒருவர், அதிலும் குடித்துப் பழகியவர், கோட்டில் கச்சிதமாக நடந்து காட்டிவிட்டுப் போய்விடுவார். அமெரிக்கப் போலீஸ் இன்றும் பயன்படுத்தும் ஒன்பதடி நடைச் சோதனையும் ஒற்றைக்கால் சோதனையும் 1970-களின் பிற்பகுதியில் உருவானவை. அப்போது அவை குறிவைத்த எல்லை 100 மி.கி. நம் முப்பதுக்கு அவற்றைப் பிடிப்பது முழக்கோலால் நூலின் பருமனை அளப்பது போல.

எதிர்த்திசையிலும் இதே சிக்கல்தான். 1971-இல் பச்சுபாய் ஹசன்அலி கார்யானி வழக்கில் மருத்துவர் எழுதியிருந்தது: வாயில் மது வாடை, தள்ளாட்டம், குழறல், விரிந்த கண்மணி. ரத்தமோ சிறுநீரோ சோதிக்கப்படவில்லை. இவற்றை மட்டும் வைத்துக் குடித்திருந்தார் என்று முடிவுகட்ட முடியாது என்றது உச்ச நீதிமன்றம். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அதே நான்கு வரிகளைத்தான் மருத்துவர்களாகிய நம்மில் பலர் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

மணிக்கணக்கு இன்னும் மோசம். சராசரி உடல் 100 மி.லி. ரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 மி.கி. ஆல்கஹாலைக் கரைக்கிறது. மாம்பழச் சாலையில் 55-இல் இருந்தவர் பன்னிரண்டு மணிக்கு 25-இல் இருப்பார்; குற்றம் வழியிலேயே கரைந்துபோகும். கைதான இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்காவிட்டால் ஆளை விட்டுவிட வேண்டும் என்று 202-ஆவது பிரிவு சொல்வதும் சும்மா இல்லை. ஆகவே சான்றிதழில் மூன்று நேரங்கள் இருந்தாக வேண்டும்: நிறுத்திய நேரம், கொண்டுவந்த நேரம், ரத்தம் எடுத்த நேரம்.

ரத்தம் எடுப்பதில் தயக்கத்துக்கு இனி இடமில்லை. 2019 திருத்தம் ஆய்வகச் சோதனையையும் 185-க்குள் வெளிப்படையாகக் கொண்டுவந்துவிட்டது. ஸ்பிரிட் பஞ்சால் தோலைத் துடைக்கக் கூடாது. சோடியம் ஃபுளோரைடு போட்ட குப்பியில் எடுத்து முத்திரையிட வேண்டும். செவிலியர் பழக்கதோஷத்தில் ஸ்பிரிட்டை எடுத்துவிட்டால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேறெதுவும் தேவையில்லை.

அப்படியானால் நடக்கவிட்டுப் பார்ப்பதெல்லாம் வீணா? இல்லை, அது வேறு வேலைக்கு. குழறிப் பேசி வியர்த்துக் கொட்டும் சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை இறங்கியிருக்கலாம். குளுக்கோமீட்டருக்கு ஒரு சொட்டுப் போதும். மது வாடையோடு மயங்கிக் கிடப்பவரின் மண்டைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். ‘குடிகாரன், தூங்கட்டும்’ என்று ஓரமாகக் கிடத்தப்பட்டு விடியற்காலையில் போய்ச் சேர்ந்தவர்களின் கதை எந்தத் தடயவியல் பேராசிரியருக்கும் தெரியும். துடிக்கும் கண்மணியும் அப்படித்தான்: வலிப்புக்கு ஃபெனிடோயின் சாப்பிடுபவருக்கும் அது வரும்.

185-இன் இரண்டாம் உட்பிரிவு மதுவைப் பற்றியதல்ல, போதைப்பொருளைப் பற்றியது. அங்கே மில்லிகிராம் எல்லை கிடையாது. வண்டியைக் கட்டுப்படுத்த இயலாத நிலையில் இருந்தாரா என்பதே கேள்வி. கஞ்சா, மாத்திரை வழக்குகளில் மருத்துவர் கண்ணால் கண்டதுதான் சாட்சியம். ‘தள்ளாட்டம் உள்ளது’ என்ற ஒற்றை வரிக்குப் பதில் எத்தனை அடி நடந்தார், எந்த அடியில் கோட்டை விட்டார், திரும்பும்போது எதைப் பிடித்துக்கொண்டார் என்று எழுதினால், குறுக்கு விசாரணைக் கூண்டில் நிற்கும் நாளில் அந்தக் குறிப்பு கைகொடுக்கும்.