இடைவெளி பயனரின் குற்றமல்ல

"கோப்புறைப் பெயரில் இடைவெளி விடாதீர்கள், பில்ட் ஸ்கிரிப்ட்டில் மேற்கோள் சிக்கலே வராது." புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு மூத்தவர்கள் சொல்லித்தரும் இந்த விதியை நான் ஏற்கவில்லை. ஸ்கிரிப்ட் எழுதியவரின் பொறுப்பை, அதை ஓட்டுகிறவர் தலையில் கட்டுகிற விதி இது.

பெயர் வைப்பது நம் கையில்தானே இருக்கிறது என்கிறார்கள். இல்லை. ஆப்பிள் தன் கணினியின் வட்டுக்கு வைத்த பெயரே 'மேக்கிண்டாஷ் எச்டி'. விண்டோஸில் 'புரோகிராம் ஃபைல்ஸ்'. ஜென்கின்ஸில் ஜாப் பெயருக்குள் யாரோ இடைவெளி விட்டால், அது பணிக்கோப்புறையின் பாதையில் வந்து நிற்கும்.

உடைந்தால் பில்ட் நின்றுவிடும், திருத்திக்கொள்ளலாம் என்பது அடுத்த வாதம். எப்போதும் நிற்பதில்லை. 2001 நவம்பரில் வந்த ஐடியூன்ஸ் 2.0 நிறுவியில், பழைய பதிப்பை நீக்கும் வரி வட்டின் பாதையை மேற்கோள் இல்லாமல் எழுதியிருந்தது. வட்டின் பெயரில் இடைவெளி இருந்தால் ஷெல் பாதையை இரண்டாக வெட்டும். முதல் துண்டின் பெயரிலேயே வேறொரு வட்டு இருந்துவிட்டால், ஆர்எம் கட்டளை அதைத் துடைத்துவிடும். அப்படித் தரவை இழந்தவர்கள் உண்டு. ஆப்பிள் அந்த நிறுவியைத் திரும்பப் பெற்று 2.0.1 வெளியிட வேண்டியதாயிற்று.

"சரி, எல்லா மாறிகளையும் இரட்டை மேற்கோளுக்குள் போட்டுவிடுகிறோம், போதுமா?" பாதிதான் சரி. ஒரே வரியை எத்தனை நிரல்கள் படிக்கின்றன என்று பார்க்க வேண்டும். மேக்ஃபைலில் எழுதிய வரியில் முதலில் மேக் நிரல் டாலர் குறிகளை விரிக்கிறது. ஷெல்லுக்கு ஒரு $ போய்ச் சேர நாம் $$ எழுதுவது அதனால்தான். பிறகு ஷெல் மேற்கோள்களை உரித்தெடுக்கிறது. அதே கட்டளை எஸ்எஸ்எச் வழியே இன்னொரு கணினிக்குப் போனால், அங்குள்ள ஷெல் மறுபடி சொற்களாக வெட்டும். நாம் போட்ட மேற்கோள் அதற்கு முன்பே காணாமல் போயிருக்கும். இந்த இடத்தில் இன்னொரு \ சேர்த்து, ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் வழக்கம். அடுத்து ஒற்றை மேற்கோள் உள்ள ஒரு பெயர் வந்தால் அதுவும் உடையும்.

அப்படியானால் என்ன செய்வது? கம்பைலர் ஃபிளாக்குகளை ஒரே சரமாக ஒட்டி ஈவாலிடம் கொடுக்கும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். பாஷில் அவற்றை அர்ரேயில் தனித்தனியாக வையுங்கள்; சாதாரண ஷெல்லில் "$@" இருக்கிறது. பைத்தானில் கட்டளையைப் பட்டியலாகக் கொடுத்தால் நடுவில் ஷெல்லே வராது. பதிப்பு எண் போன்ற சரங்களைக் கட்டளை வரியில் திணிக்காமல் ஹெடர் கோப்பில் எழுதலாம்.

குனு மேக்கைப் பொறுத்தவரை மட்டும் எதிர்த்தரப்பில் நியாயம் உண்டு. இலக்குப் பெயர்களை அது இடைவெளி வைத்தே பிரிக்கிறது. அங்கே முழுப் பாதைக்குப் பதில் சார்புப் பாதைகளை எழுதினால், மேலே உள்ள கோப்புறையின் பெயர் உள்ளே வராது. அதற்கும் வழியில்லையென்றால், ஆட்டோமேக் திட்டங்களின் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் செய்வதுபோல, ஆபத்தான பாதையைக் கண்டதும் எதையும் தொடாமல் பிழை சொல்லி வெளியேற வேண்டும்.