புள்ளி உதிரும் எழுத்தும் பணம் விழுங்கும் மென்பொருளும்



ஒட்டுப்பலகையில் தமிழெழுத்தை அறுத்து வகுப்பறைச் சுவரில் மாட்டுவதற்கு, விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் நமக்குத் தேவையே இல்லை. இதனை உரத்துச் சொல்லியே ஆகவேண்டும்.

ஜெராம், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் எனச் செம்பனைக் காட்டிடையே நிற்கும் நம் பள்ளிகளுள் பல சிறியவை. 150 மாணவருக்கும் குறைந்த பள்ளியை ‘மாணவர் குறைந்த பள்ளி’ என்றே கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. அத்தகைய பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்க நிதி, பத்தும் இருபதுமாகப் பெற்றோர் கொடுத்த வெள்ளி. அதனை எடுத்து ஆண்டுச் சந்தா கட்டுவது முறைதானா?

வளைவறுக்கும் வாளுக்குரிய வரைபடங்களைப் பெரிதாக்கி அச்சிட்டுத் தருவோம் என்று விற்கிறார்கள். நான் பார்த்த தொகுப்புகளில் மான் இருக்கிறது, மேப்பிள் இலை இருக்கிறது, ஆங்கில எழுத்தும் இருக்கிறது. அகரம் மட்டும் இல்லை!

தமிழுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆங்கிலச் சிற்றெழுத்தில் இரண்டுக்குத்தான் புள்ளி. தமிழிலோ 18 மெய்க்கும் புள்ளி. ‘தமிழ்ப்பள்ளி’ என்று அறுத்துப் பாருங்கள்; மூன்று புள்ளிகள் தரையில் உருளும். ‘அம்மா’வில் துணைக்கால் தனியே கழன்றுவிடும். பெரிதாக்குவது மட்டுமே தெரிந்த மென்பொருளுக்கு இது புரியாது. புள்ளியை எழுத்தோடு பிணைக்கும் சிறு பாலத்தை நாமே வரைய வேண்டும். அதற்குரிய கருவி இலவசமாகவே கிடைக்கிறது.

1. இன்க்ஸ்கேப். 2003 முதல் வெளிவரும் கட்டற்ற மென்பொருள். ஒருங்குறியில் தமிழைத் தட்டச்சு செய்து, எழுத்தைக் கோட்டுருவாக மாற்றி, புள்ளிக்குப் பாலமும் சொல்லுக்கு அடிப்பட்டையும் இட்டு ஒன்றாக இணைத்துவிடலாம். எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் ஓரம் சிதையாது. நகலெடுக்கும் கடையில் பெரிதாக்கினால் கோடும் சேர்ந்து தடிக்கும்; அறுப்பவர் எந்த ஓரத்தைப் பின்பற்றுவார்?

2. பிடிஎஃப் கோப்பாகச் சேமித்து, இலவச அக்ரோபேட் ரீடரில் திறந்து, சுவரொட்டி அச்சு முறையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மீட்டர் நீளச் சொல், கிடைவாக்கில் வைத்த நான்கு ஏ4 தாள்களில் அடங்கும். வெட்டுக்குறிகளை வைத்து ஒட்டிக்கொள்ளலாம்.

3. படத்தின் ஓரத்தில் 10 செ.மீ. கோடு ஒன்றை வரையுங்கள். அச்சிட்டபின் அடிக்கோலால் அளங்கள். குறைந்திருந்தால் அச்சுப்பொறி தாளுக்கேற்பச் சுருக்கிவிட்டது என்று பொருள்; 100 விழுக்காட்டுக்கு மாற்றுங்கள்.

இவ்வளவே! எழுத்துருவுக்கும் செலவில்லை, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற கட்டற்ற எழுத்துருக்கள் உள்ளன.

“எதற்கு இந்தத் தொல்லை? யாரிடமாவது திருட்டுப்படி வாங்கிக் கணினியில் ஏற்றிவிடலாமே!” என்று கேட்போரும் நம்மிடையே உண்டு. நன்னெறிப் பாடம் நடத்தும் அதே கட்டடத்தில் களவு மென்பொருளா? மாணவன் கேட்டால் என்ன விடை சொல்வோம்? பொதுத்துறையில் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தும் பெருந்திட்டத்தை அன்றைய மாம்பு 2004லேயே தொடங்கியது. அரசே அன்று காட்டிய வழியில் செல்ல நமக்கென்ன தயக்கம்?

“கற்றுக்கொள்ள நேரமில்லை” என்பது அடுத்த சாக்கு. உண்மைதான், ஆசிரியர்க்குப் பணி மிகுதி. ஆனால் ஒரு சனிக்கிழமைக் காலை போதும். அண்டைப் பள்ளிகள் ஐந்து ஒன்றுகூடி, உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 எழுத்துகளையும் பாலத்தோடு வரைந்து பகிர்ந்துகொண்டால், அது நம் சொத்து. எந்த நிறுவனத்துக்கும் மறு ஆண்டு சந்தா கட்ட வேண்டியதில்லை. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்திலும் அது பயன்படும். மின்வாளை ஆசிரியரோ பெற்றோரோ இயக்கட்டும். உப்புத்தாள் தேய்ப்பதும் வண்ணம் பூசுவதும் பிள்ளைகளின் வேலையாகட்டும்.

பெற்றோர்களே, அடுத்த பொதுக்கூட்டத்தில் மென்பொருளுக்கென்று பணம் கேட்டால், “இலவசமானதை முயன்று பார்த்தீர்களா?” என்று எழுந்து கேளுங்கள். அது உங்கள் உரிமை. மிச்சமாகும் வெள்ளிக்கு நூலகத்தில் நாலு புத்தகமாவது சேரட்டும்.

சிந்திப்போம், செயல்படுவோம்!