பெயர் ஒன்று, எண் வேறு

அரியலூர் மாவட்டம் 2001-ல் உருவாகி, 2002-ல் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் அதே பெயரில் திரும்பி வந்தது. விண்டோஸ் நெட்வொர்க்கில் இது நடக்காது. ஒரு குரூப்பை அழித்து அதே பெயரில் மறுபடி உருவாக்கினால் பழைய உரிமை எதுவும் வராது. விண்டோஸ் பெயரைப் பார்ப்பதில்லை, எஸ்ஐடி என்ற எண்ணைத்தான் பார்க்கும். புதுக் குரூப்புக்குப் புது எண்!

பெரம்பலூர், அரியலூர் இரண்டும் தனித்தனி டொமைன், நடுவே டிரஸ்ட் உண்டு என்று வைத்துக்கொள்வோம். டிரஸ்ட் ஆளை அடையாளம் காட்டும், அவ்வளவுதான். ஃபோல்டரைத் திறக்கும் உரிமையைத் தனியாகத்தான் கொடுக்க வேண்டும். சோம்பேறித்தனத்தில் சிலர் பெரம்பலூர் ஆளை அரியலூர் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குரூப்பிலேயே சேர்த்துவிடுகிறார்கள். ஒரு டிராயருக்காக மொத்தச் சாவிக்கொத்தையும் நீட்டுவது மாதிரி :-)

பெரம்பலூர் ஆட்களை அங்கேயே ஒரு குளோபல் குரூப்பில் போடுங்கள். அதை அரியலூரின் டொமைன் லோக்கல் குரூப்பில் சேர்த்து, உரிமையை அந்த லோக்கல் குரூப்புக்கு மட்டும் கொடுங்கள். ஆள் மாற்றலாகிப் போனால் பெரம்பலூரில் பெயரை எடுத்தால் போதும். குரூப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

வவுச்சர் போடுபவரே பாஸும் செய்யக்கூடாது என்பது காமர்ஸ் படிப்பவர்களுக்குத் தெரியும். அட்மினிஸ்ட்ரேட்டரோ ஃபைலை மாற்றலாம், மாற்றியதைக் காட்டும் செக்யூரிட்டி லாகையும் காலி செய்யலாம். காலி செய்தது இன்னார் என்ற ஒரு வரிதான் அதில் மிஞ்சும்.