வாரியம் வாய் மூடினால் யாருக்கு லாபம்?

விருத்தாசலத்தைப் பீங்கான் நகரம் என்பார்கள். செராமிக் தொழிற்பேட்டையும் அரசுப் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகமும் உள்ள ஊர். கழிப்பறைக்குப் பீங்கான் வாங்கும்போது நிறம் பார்க்கிறோம், விலை பார்க்கிறோம். அதில் ஊற்றும் தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்ப்பதில்லை. பெரிய கட்டடமென்றால் அதைப் பார்க்க வேண்டிய பொறுப்பு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துடையது.

கழிவுநீரை வெளியேற்றக்கூடிய ஒன்றை நிறுவும் முன்பே வாரியத்தின் இசைவாணை பெற வேண்டும் என்கிறது 1974 நீர்ச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. எவ்வளவு கழிவுநீர் வரும், சுத்திகரிப்பு நிலையம் அதைத் தாங்குமா, மிச்சம் எந்த ஆற்றில் கலக்கும் என்றெல்லாம் கேட்க வேண்டிய கட்டம் இதுதான். ஆனால் விண்ணப்பித்த நான்கு மாதத்துக்குள் வாரியம் இசைவு தரவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்றால், இசைவு தந்ததாகவே கருதப்படும் என்கிறது அதே பிரிவின் 7ஆம் உட்பிரிவு. அதுவும் நிபந்தனை ஏதுமின்றி! ஆராய்ந்து கொடுத்தால் நிபந்தனை உண்டு. கோப்பைத் திறக்காமலே விட்டால் அதுவும் இல்லை.

பாதிக்கப்பட்ட மக்களுக்கு இதே சட்டம் என்ன தருகிறது? நீதிமன்றத்தில் புகார் கொடுக்க விரும்பும் சாதாரண மனிதர் 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இப்போதைய போக்கு இதைவிட மோசம். 2024 பிப்ரவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நீர்ச் சட்டத் திருத்தம், பல குற்றங்களுக்கு இருந்த சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்றாக்கியது. சில வகை ஆலைகளுக்கு இசைவாணையே வேண்டாம் என்று சொல்லும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்குக் கொடுத்தது. 2025 ஜனவரியில் தொழிற்கூடங்கள், கல்வி நிறுவனக் கட்டடங்களுக்குச் சுற்றுச்சூழல் முன் அனுமதியிலிருந்து விலக்களித்தது ஒரு அறிவிக்கை. அந்த விலக்கை ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

"அனுமதி தாமதமாவதால் தொழில் முடங்குகிறது" என்கிறார்கள். தாமதம் உண்மைதான். கோப்பைக் கிடப்பில் போடும் அதிகாரியைத் தண்டியுங்கள், காலியிடங்களை நிரப்புங்கள். அதிகாரியின் தூக்கத்துக்கு ஆற்றோரச் சேரி ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்?

கணக்கில் குறைத்துக் காட்டப்பட்ட சுத்திகரிப்பு நிலையம் ஒருநாள் நிரம்பும், அடைக்கும். அப்போது உள்ளே இறங்க யாரை அழைப்பார்கள் என்பது நமக்குத் தெரியும். 2013 சட்டம் அதைத் தடை செய்த பிறகும் சாவுகள் நிற்கவில்லை. 2023இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்த வேண்டியிருந்தது. கட்டடம் எழும்பும் முன் கேட்காத கேள்விக்குப் பின்னாளில் ஒரு அருந்ததியர் உயிர் விலையாகிறது.

தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதனால்தான் இந்தத் திருத்தம் மற்ற மாநிலங்களுக்குப் பொருந்த அந்தந்தச் சட்டமன்றத்தின் தீர்மானம் தேவைப்படுகிறது. தமிழ்நாடு சட்டமன்றம் இதை எதிர்த்து நிற்க வேண்டும். 25(7)ஐ நீக்கி, வாரியம் பதில் சொல்லாவிட்டால் இசைவு மறுக்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும் என்று நாடாளுமன்றத்தைக் கோர வேண்டும்.

1927இல் மகத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நிலைநாட்டியது தண்ணீரை எடுக்கும் உரிமை. மணிமுக்தாற்றிலும் வெள்ளாற்றிலும் என்ன கலக்கிறது என்று கேட்கும் உரிமையும் அதில் அடக்கம். அதைக் கேட்க நமக்கு நான்கு மாதக் கெடு யாரும் வைக்க முடியாது.